இருபதுக்கு ஒன்று

மெல்போர்ன் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், டாண்டினாங் மலைத்தொடரின் அடிவாரத்தில், தி பேசின் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே மவுண்டன் ஹைவே சாலையில் ஒரு வக்ரதுண்ட விநாயகர் கோயில். மலையடிவாரத்தில் பிள்ளையார் இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. இங்கும் அப்படியே அமைந்துவிட்டது. 2019ல் நாங்கள் பக்கத்துப் புறநகரான பொரோனியாவில் வீடு பிடித்ததற்குக் கணவரின் வேலை ஒரு காரணம் என்றால், இந்தப் பிள்ளையார் இன்னொரு காரணம்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ரவுண்டானா. சனிக்கிழமை காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், அந்தப் பக்கம் பத்து, பதினைந்து சைக்கிள்காரர்கள் நிற்பார்கள். பளிச்சென்ற உடை, ஹெல்மெட், மூச்சில் புகை. யாரோ ஒருவர் கையசைத்ததும் எல்லோரும் மலைப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் மறைந்துவிடுவார்கள். இரண்டு வருஷம் நான் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அந்த இரண்டு வருஷத்தில்தான் 2020ன் ஊரடங்கும் வந்தது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து வீட்டைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. உடற்பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். வந்து ஒரு வருஷமாகியும் இந்த ஊரில் எனக்கு ஒரு தோழிகூட இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். புது சைக்கிளுக்குக் கடைகளில் கடும் தட்டுப்பாடு இருந்த நேரம். 13 கிலோ கனம், நேரான ஹேண்டில்பார், தேய்ந்த டயர். அதை எடுத்துக்கொண்டு பிளைண்ட் கிரீக் ஓடைப் பாதையில் தனியாகச் சுற்றுவேன். எதிரே வருகிறவர்கள் முகக்கவசத்துக்குள்ளிருந்து தலையசைப்பார்கள். அன்றைய என் பேச்சு வார்த்தை அவ்வளவுதான்.

2021ன் கடைசியில் ஊர் திறந்த பிறகு, ஒரு சனிக்கிழமை அந்த ரவுண்டானாப் பக்கம் சைக்கிளோடு போய் நின்றேன். எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி என் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, “எங்களோடு வருகிறாயா?” என்று கேட்டார். ஓய்வு பெற்ற செவிலியர். அந்தக் குழுவை நடத்துவது அவர்தான். “எனக்கு மலை ஏறத் தெரியாது” என்றேன். “மேலே போனதும் நாங்கள் நிற்போம்” என்றார். தெரியாது என்று நான் சொன்னதற்கு இது என்ன பதில் என்று அன்று புரியவில்லை.

குழு என்றால் பெரிய அமைப்பெல்லாம் இல்லை. சந்தா கிடையாது. காலை 6.45க்குக் கிளம்புகிறோம் என்றால் 6.45க்குக் கிளம்புவோம், 6.46க்கு வருகிறவர் பின்னால் துரத்திப் பிடிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு விதி, யாரையும் நடுவழியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வேகமாகப் போகிறவர்கள் போகலாம், ஆனால் குறித்த இடத்தில் நின்று எல்லோரும் வந்த பிறகே நகர வேண்டும். கடைசியில் வருபவருக்குத் துணையாக அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் பின்னாலேயே வருவார்.

முதல் நாள் சமதளத்தில் போகும்போதே ஒரு குழப்பம். பின்னாலிருந்து யாரோ “கார் பேக்!” என்று கத்தினார்கள். என்னைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று உடம்பு சில்லிட்டுப் போயிற்று. அப்புறம்தான் கவனித்தேன், அந்தச் சொல் வாய் மாறி வாய் மாறி முன்வரிசை வரைக்கும் போனது. பின்னால் கார் வருகிறது, ஒதுங்கு என்று அர்த்தம். முன்னாலிருந்தும் சேதி வரும்: பள்ளம் என்றால் இடுப்புக்குக் கீழே கையை நீட்டித் தரையைச் சுட்டுவார்கள், நின்றிருக்கும் கார் என்றால் முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை ஆட்டுவார்கள். முன்னே போகிறவர் பார்த்ததைப் பின்னே வருகிறவர் நம்பிப் போகிறார். முகம் தெரியாத ஒருவரின் கையை நம்பிச் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. எனக்கு அது பழக ஒரு மாதம் ஆனது.

சட்டமும் இங்கே சைக்கிளை ஒரு வண்டியாக மதிக்கிறது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். 2021லிருந்து விக்டோரியாவில், 60 கிலோமீட்டர் வரை வேகம் உள்ள சாலையில் கார் நம்மை முந்தும்போது ஒரு மீட்டரும், அதற்கு மேல் வேகம் உள்ள சாலையில் ஒன்றரை மீட்டரும் இடைவெளி விட வேண்டும். பதிலுக்கு நமக்கும் கட்டாயம் உண்டு: ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட முடியாது. 1990ல் உலகிலேயே முதலில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது இந்த மாநிலம்தான்.

சரி, மலைக்கு வருகிறேன். ரவுண்டானாவிலிருந்து மேலே சாசஃப்ராஸ் என்ற மலைக் கிராமம் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். எல்லோரும் இந்த ஏற்றத்தை ‘ஒன் இன் ட்வென்டி’ என்கிறார்கள். இருபது மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏறுவோம் என்று கணக்கு. இடையிடையே கொஞ்சம் தணிவதால் சராசரி அதற்கும் குறைவுதான். மொத்தம் 300 மீட்டர் அளவுக்கு ஏறுகிறோம். ஐரோப்பாவின் மலைப் பாதைகளைப் பார்த்தவர்கள் இதை ஏற்றம் என்றே சொல்ல மாட்டார்கள். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். குடுமியான்மலை, நார்த்தாமலை என்று பாறைக் குன்றுகள் உண்டு. ஆனால் சாலை அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் ஊரில் சைக்கிளை மிதித்து மலை ஏறியவர் யாரும் இல்லை.

சமதளத்தில் குழு நம்மை இழுத்துக்கொண்டு போகும். அங்கே சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்று. முன்னே போகிறவர் அதைக் கிழித்துக்கொடுக்க, பின்னால் இருப்பவருக்கு உழைப்பு நன்றாகவே மிச்சமாகும். ஏற்றத்தில் வேகம் 8, 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே எதிரி நம் எடைதான். அதை வேறு யாரும் தூக்கித் தர முடியாது. பத்துப் பேர் சுற்றி இருந்தாலும் ஒவ்வொருவரும் தன்னைத் தானே தூக்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

முதல் தடவை ஒன்றரை கிலோமீட்டரில் இறங்கிவிட்டேன். வீடுகள் முடிந்து காடு ஆரம்பிக்கும் இடம். தொடை எரிந்தது, காதுக்குள் ரத்தம் அடிக்கும் சத்தம். மற்றவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள். மறைந்த பிறகு ஒரு அமைதி வந்தது பாருங்கள், ஊரடங்கில் அந்த ஓடைப் பாதையில் இருந்த அதே அமைதி. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று சைக்கிளைத் திருப்பப் போனேன். அப்போதுதான் பின்னால் ஒரு பெரியவர் காலூன்றி நிற்பதைப் பார்த்தேன். அன்றைக்குக் கடைசி ஆளாக வரும் பொறுப்பு அவருடையது.

அவர் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கிரேக்கத்திலிருந்து ஆறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். ஏறு என்றும் சொல்லவில்லை, முதுகில் கை வைத்துத் தள்ளவும் இல்லை. தண்ணீர் குடித்தார். “உங்கள் ஊரில் மலை உண்டா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். “அப்புறம் சைக்கிள் எங்கே கற்றாய்?” என்றார். “அம்மாவிடம்” என்றேன். “நீ பேசிக்கொண்டே மிதி. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்” என்றார்.

அப்படித்தான் அந்த மலையில் நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். மூச்சுக்கு ஒரு வாக்கியம்.

1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இயக்கம். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் அதோடு சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். எங்கள் அம்மா 1992ல் கோயில் திடலில் கற்றார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள்; அம்மாவுக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. எனக்கு அப்போது மூன்று வயது. இரும்பு குத்தாமல் இருக்க பாரில் பழைய துண்டைச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருப்பார். அந்தத் துண்டில் எப்போதும் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். மிதிக்க மிதிக்க என் உச்சந்தலையில் அவர் மூச்சு படும்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நின்றேன், ஒரு முறை கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆனால் திரும்பவில்லை. காடு இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டே போனது. மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் வகை. பூக்கும் மரங்களில் உலகிலேயே உயரமானது. கீழே குடை விரித்ததுபோல மரப் பெரணிகள். 2021 ஜூன் மாதத்துப் புயலில் சாய்ந்த மரங்கள் சாலையோரம் துண்டு துண்டாக அறுத்துக் கிடந்தன. ஈரத்தில் அந்தத் தைல வாசனை நெஞ்சு வரைக்கும் இறங்கியது. கடைசிப் பகுதியில் சரிவு கொஞ்சம் தணியும். கால் அதை உணர்வதற்கு முன்னால் மூச்சு உணர்ந்துவிடும்.

சாசஃப்ராஸ் கடைத்தெருவில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வியர்வை ஆறிக் குளிர ஆரம்பித்திருக்கும். சிலர் கைகளை அக்குளில் திணித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் யாரும் கைதட்டவில்லை. நல்லவேளை, தட்டியிருந்தால் அழுதிருப்பேன். “வந்துவிட்டாயா, வா, காபி” என்று சொல்லிக் கதவைத் திறந்தார்கள்.

காபிக் கடை எனக்கு இன்னொரு ஏற்றம். ஊரில் பத்துப் பேர் டீ குடித்தால் யாராவது ஒருவர் காசு கொடுப்பார். இங்கே அவரவர் வரிசையில் நின்று அவரவர் காசைக் கொடுக்கிறார்கள். நான் முதல் வாரம் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கப் போய், அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் நட்பை அளக்க அது அளவுகோல் இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. அடுத்த வாரமே அந்தத் தச்சர் தன் வண்டிக் கொட்டகைக்கு என்னை வரச் சொன்னார். என் பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றிவிட்டு, பெரிய பல்சக்கரம் உள்ள ஒன்றை மாட்டினார். பழையதில் பெரியது 28 பல், இதில் 34. பின்னால் பல் கூடக்கூட மிதி லேசாகும். செயினையும் மாற்றி, கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, “இதற்குக் காசு கேட்டால் என் மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள்” என்றார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அப்படித்தான். எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு வராது. அந்தச் செவிலியரிடம் இதைச் சொன்னபோது, “உன் மொழியில் என்னவென்று கூப்பிடுவாய்?” என்று கேட்டார். “அக்கா” என்றேன். இப்போது குழுவில் பாதிப் பேர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் வாயில் அந்த ‘க்கா’ அழுத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. எனக்கு அது போதும்.

இறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறியவர்களுக்குக் கிடைக்கும் பரிசு என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்குப் பிறகு யூகலிப்டஸ் பட்டைகள் நாராக உரிந்து சாலையில் கிடக்கும். சக்கரம் ஏறினால் எண்ணெயில் வைத்த கால்தான். ஒரு குளிர்காலத்தில் என் பின்சக்கரம் அப்படி வழுக்கி, முழங்கை தோல் உரிந்து நடுச்சாலையில் விழுந்தேன். நான் எழுவதற்குள் இரண்டு பேர் வளைவுக்கு மேலே ஓடிப்போய் வருகிற கார்களை நிறுத்தினார்கள், ஒருவர் சைக்கிளை ஓரம் கொண்டுபோனார், அக்கா என் கண் விழியைப் பார்த்து என்ன கிழமை என்று கேட்டார். யாரும் யாருக்கும் சொல்லி நடந்த வேலை இல்லை அது. வசந்த காலத்தில் மேக்பை பறவைகள் வேறு. கூட்டைக் காக்கப் பின்னாலிருந்து பாய்ந்து ஹெல்மெட்டைக் கொத்தும். ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை முள் மாதிரி குத்தி வைத்துக்கொண்டு போவோம்.

இப்போது நான் நிற்காமல் ஏறுகிறேன். வேகம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை, நாற்பது நிமிஷத்துக்குப் பக்கமாக ஆகிறது. இருபது மிதி எண்ணுவேன், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். தமிழில்தான் எண்ண வருகிறது. கிளம்பும் முன் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. பக்கத்தில் நிற்பவர்களும் என்னோடு சேர்ந்து ஒரு நொடி அமைதியாக நிற்கப் பழகிவிட்டார்கள்.

வீடு திரும்பியதும் அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிடுவேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எவ்வளவு நேரத்தில் ஏறினாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்கள் ஊரிலிருந்து கூட்டமாகச் சைக்கிளில் புதுக்கோட்டைக்குப் போன நாட்களில், பாரில் பிள்ளையை வைத்திருந்ததால் அவர்தான் எப்போதும் பின்தங்குவாராம். போன வாரம் முழங்கால் வலியோடு ஏறினேன். அன்றைக்கும் வழக்கமான கேள்விதான்.

“இன்னிக்கு யாரு கடைசி?”

“நான்தாம்மா.”

“நின்னாங்களா?”

“நின்னாங்க.”

“சரி, போய்ச் சாப்பிடு” என்றார்.