சாமா ஆற்றங்கரையில் மூன்று நாள்

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் 21 கிலோமீட்டர் மண் சாலை. ஒரு பக்கம் செம்பாறை மலை, மறுபக்கம் பள்ளத்தில் சாமா ஆறு. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டே வந்தது. ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன்.

அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அபிக்யூ ஊருக்கு அப்பால் இருக்கிறது ‘பாலைவனத்தில் கிறிஸ்து’ பெனடிக்டைன் துறவு மடம். 1964-ல் ஏல்ரெட் வால் என்ற குரு தொடங்கியது. மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. சுடாத மண் கல்லால் கட்டிய கோயில் பின்னால் நிற்கும் மலையின் நிறத்திலேயே இருக்கிறது. அதை வடிவமைத்தவர் ஜார்ஜ் நகாஷிமா. நம் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி எழும்பியபோது அங்கேயே தங்கி வேலை பார்த்தவர். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. இது தெரிந்ததும் அந்தக் கோயில் எனக்கு அந்நியமாகவே படவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு முதல் செபம். டார்ச் வெளிச்சத்தில் நடந்து போனேன். தலைக்கு மேல் அத்தனை நட்சத்திரங்கள். உள்ளே ஒரே ஒரு குரல், “ஆண்டவரே, என் இதழ்களைத் திறந்தருளும்” என்று தொடங்கியது. அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைய நாளின் முதல் சொல்லே அதுதான். அப்புறம் இரு பக்கத் துறவிகளும் மாறி மாறி விவிலியத்தின் திருப்பாடல்களைப் பாடினார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு இறைவனைப் புகழும்போது எல்லாரும் எழுந்து இடுப்பு வரை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். ஏனென்றே தெரியாமல் கண்ணீர் வந்தது.

விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கு. அதற்காக உட்கார வைத்து உபசரிப்பதில்லை, காலையில் வேலையும் தருகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. தோட்டத்தில் களை எடுக்க ஒரு வயதான துறவியோடு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்தில் அவர் பேசியது ஒரே வார்த்தை. நான் ஒரு நாற்றைப் பிடுங்கப் போனபோது, “வெங்காயம்” என்றார்.

மடத்தின் கருவிகளைப் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலப் பார்க்கச் சொல்கிறது அந்த ஒழுங்கு நூலின் 31-ஆம் அதிகாரம். படித்ததுண்டு, அழகான வாசகம் என்று கடந்து போனதும் உண்டு. அன்று நண்பகல் செபத்துக்கு மணி அடித்தது. பாதி வரிசைக் களை மிச்சம் இருந்தது. இதையும் முடித்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அவரோ அங்கேயே நிறுத்திவிட்டார். களைக்கொத்தை வாளித் தண்ணீரில் கழுவி, இடுக்கில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்து, அங்கியின் மேல் கட்டியிருந்த துணியால் துடைத்து ஆணியில் மாட்டினார். திருப்பலி முடிந்ததும் குருவானவர் திருக்கிண்ணத்தைத் துடைப்பாரே, அதே நிதானம்.

பிறகு என் கையிலிருந்ததற்காகக் கையை நீட்டினார்.