தம்பியின் இடது கண்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

மூன்று வாரமாகத் தம்பிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், தலைவலி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறான். ஆர்டர் நெருக்கும்போது தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்காருவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். வியாழக்கிழமை, "அக்கா, நூல் கோர்க்க முடியலை, ஊசி ரெண்டா தெரியுது" என்றான். ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்று இட்லி வைக்கும்போதுதான் கவனித்தேன். இடது கருவிழி மூக்குப் பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. 26 வயது வரை மாறுகண் இல்லாத பையன். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

பிப்ரவரி 11

காலையில் வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டார்கள். ராத்திரி என்னைப் பார்த்து "அம்மா" என்றான். 108-க்குப் போன் செய்தேன்.

பிப்ரவரி 12

கோவை பெரியாஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் முதலில் செய்தது, அவனுடைய ஒரு கண்ணைக் கையால் மூடியதுதான். "இப்ப எத்தனை பேனா?" ஒன்று. கையை எடுத்தார். இரண்டு. எந்தக் கண்ணை மூடினாலும் இரண்டு ஒன்றாகிவிடுகிறது என்றால் பவர் கோளாறு இல்லை, இரண்டு கண்ணும் சேர்ந்து நகரவில்லை என்று அர்த்தமாம். அப்புறம் பேனாவை வலப்பக்கம் கொண்டுபோனார், இரண்டு கண்ணும் கூடவே போயின. இடப்பக்கம் கொண்டுபோனார். வலது கண் போனது, இடது கண் நடுவிலேயே நின்றுவிட்டது. தலையைக் குனிய வைத்துப் பார்த்தார். கழுத்து மரக்கட்டை.

ஸ்கேனில் மூளைக்குள் நீர் தேங்கியிருந்தது. முதுகுத் தண்டில் நீர் எடுத்தார்கள். அதில் வெள்ளணுவும் புரதமும் அதிகம், சர்க்கரை குறைவு. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் காசநோய்க் கிருமி. நுரையீரலில் இல்லை, மூளையைச் சுற்றியுள்ள உறையில்.

பிப்ரவரி 14

நோய் மூளை உறையில் இருக்க, கண் ஏன் திரும்பவேண்டும்? கேட்டேன். டாக்டர் பொறுமையாக ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் நகர்த்துகின்றன, அவற்றுக்கு மூன்று நரம்புகள். அந்த மூன்றில் ஒன்றான ஆறாவது மூளை நரம்புக்கு ஒரே வேலை: கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசையை இயக்குவது. அது மூளைத் தண்டிலிருந்து கிளம்பி, மண்டையோட்டின் அடித்தளத்தில் மேலேறி, ஓர் எலும்பு விளிம்பில் வளைந்து கண்ணுக்குப் போகிறது. காசநோயால் கசியும் பசை அந்த அடிப்பகுதியில்தான் தடிப்பாகப் படியும். நீரழுத்தம் கூடினாலும் முதலில் இழுபடுவது பெரும்பாலும் இந்த நரம்புதான். வெளியே இழுக்கும் தசை சோர்ந்ததும் உள்ளே இழுக்கும் தசை கண்ணைத் தன் பக்கம் கொண்டுவந்துவிடுகிறது. மெஷினில் மேல் நூல் தளர்ந்தால் பாபின் நூல் அதைக் கீழே இழுத்துக்கொள்ளுமே, அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

நாளை ஆபரேஷன். மூளை நீரைத் தோலுக்கடியில் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்குவார்களாம்.

மார்ச் 3

வீட்டுக்கு வந்துவிட்டோம். எடைக்குத் தக்கபடி காசநோய் மாத்திரைகள், படிப்படியாகக் குறைக்கவேண்டிய ஸ்டீராய்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, ரிஃபாம்பிசின் மாத்திரை செய்கிற வேலை, பயப்படவேண்டாம். பயந்தது தெருவில் உள்ளவர்கள்தான். நுரையீரலில் இல்லாததால் இருமலில் பரவ வழியில்லை என்று வீடு வீடாகச் சொன்னேன். இனியும் சொல்வேன்.

இடது கண்ணுக்கு மூடி கட்டியிருக்கிறோம். காட்சி ஒன்றாகிவிடுகிறது, ஆனால் தூரம் பிடிபடவில்லை. தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறான், படியில் கால் தடவுகிறது. மூடியை எடுத்தால் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் பார்க்கிறான். அப்படித் திருப்பினால் ஒன்றாகத் தெரிகிறதாம்.

மார்ச் 24

இன்று உலகக் காசநோய் தினம். 1882-இல் இதே நாளில்தான் ராபர்ட் கோக் பெர்லினில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். எங்கள் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தார், சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய்க்கு வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்தார்.

காசநோய் மாத்திரைகளில் ஒன்றான எத்தாம்புடால் கண் பார்வை நரம்பையே பாதிக்கலாம், சிவப்பும் பச்சையும் மங்கினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி அதற்குச் சிவப்பு நூல் கோன் ஒன்று, பச்சை ஒன்று வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறான். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்க்கிறான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஞாயிறுதோறும் அவனைச் சுவருக்கு எதிரே அதே இடத்தில் உட்கார வைக்கிறேன். தலையை அசைக்கக்கூடாது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவனுடைய இடப்பக்கம் நகர்வேன், "ரெண்டு" என்று அவன் சொல்லும் இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. முதல் கோடு அவன் மூக்குக்கு நேரே. இன்றைய கோடு காலண்டரைத் தாண்டிவிட்டது. டாக்டரிடம் சொன்னேன். வீக்கம் வடிந்தால் நரம்பு மீளும், மாதங்கள் ஆகும் என்றார்.

ஜூன் 15

கோடு சுவர் மூலைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் போட இடமில்லை. கண்ணில் மூடி இல்லாமலே அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தான், இரண்டாம் தடவையில் நுழைந்தது. ஆனால் தூரத்தில், இடப்பக்கமிருந்து வரும் பஸ் இன்னும் இரண்டாகத்தான் வருகிறது. அதனால் ரோடு கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறான். மாத்திரை அடுத்த பிப்ரவரி வரை.