நல்ல கட்டடம் எப்போது முடிவாகிறது?

ஒரு கட்டடத்தின் தரம் கட்டடக் கலைஞரின் கற்பனையையும் கொத்தனாரின் கைத்திறனையும் பொறுத்தது என்றே பொதுவாகப் பேசுகிறோம். என் கருத்தில் அதன் பெரும்பகுதி, முதல் கோடு வரையப்படுவதற்கு முன்பே, கட்டச் சொல்பவர் எழுதும் தேவைக் குறிப்பிலும் ஒப்பந்தப்புள்ளி விதிகளிலும் முடிவாகிவிடுகிறது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று விதி வகுத்துவிட்டு, அறைகளில் வெளிச்சமில்லை, சுவரில் ஈரம் இறங்குகிறது என்று பிறகு வருந்துவதில் பயனில்லை.

இதனால்தான் பிரான்சின் 1977ஆம் ஆண்டுக் கட்டடக்கலைச் சட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கட்டடக்கலை பண்பாட்டின் வெளிப்பாடு என்றும், கட்டுமானத்தின் தரமும் அது சுற்றுப்புறத்தோடு இசைந்து அமைவதும் பொதுநலன் சார்ந்தவை என்றும் அறிவித்த அச்சட்டம், வீடு கட்ட நினைக்கும் சாதாரண மனிதர் கட்டணமின்றி ஆலோசனை பெறும் மாவட்ட அளவிலான அமைப்புகளுக்கும் வழி செய்தது. அறிவிப்பைவிட இந்த ஏற்பாடே முக்கியமானது என்பேன். இங்கிலாந்தில் 1999இல் தொடங்கப்பட்ட ‘கேப்’ என்ற அமைப்பு, முக்கியமான திட்டங்களின் வடிவமைப்பைத் துறை வல்லுநர்களைக் கொண்டு பரிசீலித்துக் கருத்துரைத்தது. அது ஆலோசனை மட்டுமே. ஆனாலும், கட்டுவதற்கு முன்பே கிடைத்ததால் அதற்குப் பயன் இருந்தது: வரைபடத்தில் ஒரு நுழைவாயிலை இடம் மாற்ற அழிப்பான் போதும், கான்கிரீட் இறுகிய பின்னர் அதையே செய்ய எவரும் முன்வருவதில்லை. அரசு நிதி நிறுத்தப்பட்டு, 2011இல் ‘கேப்’ வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது வருந்தத்தக்கது.

2018இல் ஐரோப்பியப் பண்பாட்டு அமைச்சர்கள் ஏற்ற டாவோஸ் பிரகடனத்தைத் தொடர்ந்து, கட்டடங்களின் தரத்தை மதிப்பிட வகுக்கப்பட்ட எட்டு அளவுகோல்களில், பயன்பாடு, சூழல், பொருளாதாரம் ஆகியவற்றோடு அழகும் இடம்பெற்றிருக்கிறது. அழகை ஆடம்பரமாகக் கருதி முதலில் வெட்டும் வழக்கத்துக்கு அது சரியான பதில்.

இன்னும் பெரிதும் புறக்கணிக்கப்படுவது, குடியேறிய பின் செய்ய வேண்டிய ஆய்வு. பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை நடந்த ‘ப்ரோப்’ ஆய்வுகள், பயன்பாட்டில் இருந்த கட்டடங்களுக்கே சென்று, அவை எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கின்றன, உள்ளே இருப்பவர்கள் எந்த அளவுக்கு வசதியாக உணர்கிறார்கள் என்று ஆராய்ந்தன. வடிவமைப்பின்போது கணித்ததைவிட உண்மைச் செலவு மிகுதியாக இருந்ததைப் பல இடங்களில் கண்டன. ஆகா கான் கட்டடக்கலை விருதும் இறுதிப் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு வல்லுநர்களை நேரில் அனுப்பிய பின்னரே முடிவெடுக்கிறது. பொதுப் பணத்தில் எழும் ஒவ்வொரு கட்டடத்தின் ஒப்பந்தத்திலும் இத்தகைய ஆய்வுக்கான செலவைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். அதன் முடிவுகள், அடுத்த கட்டடத்துக்குத் தேவைக் குறிப்பு எழுதுபவரின் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.