பொருள் எண் 214: பயன் தெரியவில்லை

கிராமிய வாழ்வியல் அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. கலப்பை, நுகத்தடி, திரிகை, கூடை, அரிவாள் என்று உழவுக் குடும்பங்கள் புழங்கிய பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதல் மாதம்

பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். கையில் கொடுத்தது ஒரு மெல்லிய தூரிகையும் நைட்ரைல் கையுறையும். வியர்வையின் உப்பு இரும்பில் பட்டால் விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பிவிடும். அதனால் வெறும் கையால் இரும்பைத் தொடக்கூடாது.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு தவறு செய்தேன். துருப்பிடித்த அரிவாள் ஒன்றைக் கம்பிநாரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். காப்பாட்சியர் கோபப்படவில்லை. இன்னொரு அரிவாளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். வாய்ப்பக்கம் நெடுகச் சன்னமான கீறல்கள், எல்லாம் ஒரே சாய்வில். யாரோ ஒருவர் பல வருஷம் கல்லில் தீட்டிய தடம் அது. நான் தேய்த்த அரிவாளில் அப்படி ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை. இனி வரவும் வராது. "துரு பரவாமல் நிறுத்தினால் போதும், புதுசாக்க வேண்டாம்" என்றார். அந்த வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

இப்போது உதிரும் துருவை மட்டும் தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, மைக்ரோகிறிஸ்டலின் மெழுகை மெல்லிசாகப் பூசுகிறேன். முன்பெல்லாம் பழைய கருவிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது பல இடங்களில் வழக்கம். அது நாளாக ஆகப் பிசுபிசுத்து, கறுத்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும். விதைக்கும் கருவியின் குழாயில் காய்ந்த மண்ணும் உமியும் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டுவதே இல்லை. கடைசியாக அந்தக் கருவி எதற்குப் பயன்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாம் மாதம்

நுகத்தடி ஒன்றின் அடியில் மாவு போல மரத்தூள் கொட்டிக் கிடந்தது. மரத்தில் பூச்சி போட்ட துளைகள் பழசாகவும் இருக்கலாம். ஆனால் துடைத்த மறுவாரமும் வெளிர் நிறத்தில் புதுத் தூள் விழுந்திருந்தது. உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மருந்து அடிக்கவில்லை. பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 30 டிகிரி உறைபெட்டியில் மூன்று நாள் வைத்தோம். மைனஸ் 20 தான் கிடைக்கும் என்றால் ஒன்றிரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்த உடனே உறையைப் பிரித்துவிடக்கூடாது. குளிர்ந்த பொருளின்மேல் வேர்க்கும் நீர் மரத்தில் இறங்கிவிடும். அறையின் வெப்பத்துக்குத் திரும்பும் வரை மூடியே இருக்கட்டும், நீர் பாலிதீனின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

பொருள்களின்மேல் பதிவேட்டு எண்ணை எழுதும் வேலையும் அப்போதுதான் வந்தது. பாரலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லிசாகப் பூசி, அது காய்ந்ததும் மையால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு. என்றைக்காவது எண்ணை எடுக்க நேர்ந்தால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். கை பட்டுத் தேய்ந்த இடத்தில் எழுதவே கூடாது.

மூன்றாம் மாதம்

பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது ஒன்று உறுத்தியது. நீளம், அகலம், மரவகை எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. யார் பயன்படுத்தினார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்ற கட்டம் மட்டும் பக்கம் பக்கமாகக் காலி. எண் 214-க்கு நேரே இருந்தது இவ்வளவுதான்: "மரத்தால் செய்த பட்டை, இரும்பு முள்கள், தோல் வார். மாட்டின் அலங்காரமாக இருக்கலாம். பயன் தெரியவில்லை."

சரி, வருகிறவர்களிடமே கேட்போம் என்று வாசலருகே ஒரு மேசை போட்டோம். "இது என்ன?" என்று ஓர் அட்டை. அதன்மேல் அடையாளம் தெரியாத பொருள்கள் மூன்று. முதல் இரண்டு வாரம் குழந்தைகள் மட்டும் வந்தார்கள். மூன்றாவது வாரம் பேத்தியோடு வந்த ஒரு பாட்டி எண் 214-ஐக் கையில் எடுத்தார். அலங்காரம் என்று நாங்கள் முள்ளை மேலே பார்க்க வைத்திருந்தோம். அவர் அதைத் திருப்பி, தன் மூக்குக்கு மேலே குறுக்காகப் பிடித்து, முள் முன்னால் பார்க்கும்படி காட்டினார்.

"கன்னுக்குட்டிக்குப் பால் மறக்கடிக்கிறது தம்பி. இதைக் கட்டிக்கிட்டு மடிக்குப் போனா தாய்க்குக் குத்தும். தாயே உதைச்சுத் தள்ளிடும். ஆனா குட்டி புல்லு மேயலாம், தண்ணி குடிக்கலாம்."

பேத்தி உடனே "பாவம்" என்றாள். "எனக்கும் பாவமாத்தான் இருக்கும். ராத்திரி பூரா ரெண்டும் கத்தும், தூக்கமே வராது" என்றார் பாட்டி. அந்தச் சத்தம் எந்த அளவுகோலுக்கும் அகப்படாது. அவர் சம்மதத்தோடு நாற்பது நிமிஷம் ஒலிப்பதிவு செய்தேன். அன்று ஒன்று புரிந்தது. "இது என்ன?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். "எப்படிப் பிடிப்பீர்கள், காட்டுங்கள்" என்றால் கை தானாகப் பேசத் தொடங்கும்.

2022-இல் சர்வதேச அருங்காட்சியகக் கழகம் செக் நாட்டின் பிராகாவில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையில், அருங்காட்சியகங்கள் சமூகங்களின் பங்கேற்போடு இயங்குகின்றன என்ற சொற்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ரீடிங்கில் உள்ள கிராமிய வாழ்வியல் அருங்காட்சியகம் 2018 ஏப்ரலில் ஒரு செம்மறிக் கடாவின் பழைய படத்தை ட்விட்டரில் போட்டு உலகம் முழுக்கப் பேசவைத்தது. அப்படிக் கூட்டத்தை ஈர்ப்பதும் நல்லதுதான். ஆனால் பங்கேற்பு என்றால் எனக்கு அந்த நாற்பது நிமிஷம்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது

பதிவேட்டில் எண் 214-க்கு எதிரே பாட்டியின் சொற்கள் அவர் பேசியபடியே இருக்கின்றன. காட்சிப்பெட்டியில் முள் முன்னால் பார்க்கிறது. தேய்த்துக் கெடுத்த அரிவாளின் பதிவிலும் நடந்ததை எழுதிவிட்டேன். பின்னால் ஆராய வருபவர் அந்தப் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது.

மேசையில் இன்னும் இரண்டு பொருள் பாக்கி. அதில் ஒன்று இரண்டு துளை போட்ட ஒரு வளைந்த குச்சி. பாட்டிக்கும் அது தெரியவில்லை. கயிறு திரித்த ஒருவரைத் தெரியும், அடுத்த சனிக்கிழமை கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவிக்குச் சார்ஜ் போட்டு வைத்துவிட்டேன்.