நடைவழிக் கறிவேப்பிலையும் தண்ணீர்க் கட்டணமும்

சிங்கப்பூரில் வீட்டுச் செலவைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு முதலில் காரில்தான் போய் நிற்கும். பத்தாண்டுகளுக்குக் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை மட்டுமே தரும் வாகன உரிமைச் சான்றிதழ், 2023இல் சிறிய கார்களுக்கே ஒரு லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டிய பிறகு, அதைப் பற்றிப் புலம்பவும் எங்களைப் போன்ற நான்கறை வீட்டுக்காரர்களுக்குத் தகுதி போதாது. எங்கள் வீட்டுச் சண்டைகள் வெள்ளியில் அல்ல, காசில்தான் நடக்கின்றன. அவற்றிலும் பாதி என் செடிகளை முன்னிட்டு.

ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலுக்கு வெளியே, பொது நடைவழியின் ஓரத்தில், பன்னிரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறேன். கறிவேப்பிலை, கற்பூரவல்லி, மணத்தக்காளி, பக்கத்து வீட்டு மலாய் அம்மா கொடுத்த பாண்டான் என எல்லாம் இருக்கின்றன. தீ விபத்து நேர்ந்தால் மக்கள் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் அகல வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதியாதலால், அளவுநாடா பிடித்து அளந்த பிறகே தொட்டிகளை வைத்தேன். தேக்கா சந்தையில் ஒரு வெள்ளி கொடுத்தால் ஒரு கட்டுக் கறிவேப்பிலை கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு, இந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது என்று மனைவி கேட்டார். கேள்வி நியாயமானது என்பதால் கட்டண ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தண்ணீர் விலை 2024 ஏப்ரலில் 20 காசும் 2025 ஏப்ரலில் 30 காசும் ஏறி, மாதம் 40 கன மீட்டருக்குள் புழங்கும் வீடுகளுக்கு இப்போது ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், 3 வெள்ளி 24 காசு ஆகிறது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து தண்ணீர் பெற 1962இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் கடல்நீரைக் குடிநீராக்கியும் பயன்படுத்திய நீரைப் புதுநீராக்கியும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றால், அந்த ஆலைகள் விழுங்கும் மின்சாரத்துக்கான விலையை நாம்தான் கொடுத்தாக வேண்டும். என் செடிகளோ நாளொன்றுக்குப் பத்து லிட்டர் குடிக்கின்றன. மாதத்துக்கு முந்நூறு லிட்டர், 97 காசு; 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்தால் 1 வெள்ளி 6 காசு. அரிசி கழுவிய நீரை ஊற்றத் தொடங்கியதிலிருந்து அதிலும் குறைந்துவிட்டது. இரவு முழுவதும் ஓடும் குளிர்சாதனத்துக்கு முன்னால் இது ஒரு கணக்கே அல்ல என்பதை மெல்ல எடுத்துச் சொன்னேன். அந்தப் பேச்சு நல்லபடியாக முடியவில்லை.

உண்மையான செலவு மண்ணில்தான் இருக்கிறது. 2025 மே மாதம் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் கிடைத்த 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டில், அதாவது கடைகளில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்க அரசு தந்த சீட்டில், பாதியைப் பேரங்காடியிலும் பாதியை அக்கம்பக்கக் கடைகளிலும் உணவங்காடிகளிலும் செலவிட வேண்டியிருந்தது. இரண்டாவது பாதியில் கொஞ்சத்தை நான் பூச்செடிக் கடையில் மண் மூட்டைகளுக்குக் கொடுத்தேன். மனைவி அதை வீண்செலவு என்கிறார். நான் விவசாய மானியம் என்கிறேன்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டிருந்தால் முதல் முறையே 200 வெள்ளி அபராதம் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டுகளைக் கவிழ்ப்பது மகனின் வேலை. அவனுக்குப் பாகற்கொடி வளர்க்க ஆசை, ஆனால் நடைவழியில் பந்தல் போட முடியாது. தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பாத்திகளை, வரி நீங்கலாக ஆண்டுக்கு 57 வெள்ளிக்கு, மூன்றாண்டுக் குத்தகையில் விடுகிறது. குலுக்கலுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டும் எங்கள் பெயர் விழவில்லை. விதைப் பொட்டலம் குளிர்சாதனப் பெட்டியில் காத்திருக்கிறது.