மெஷின் கடைசியா ஏறட்டும்

2025 மே 17, சனி

நேற்று பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. மகள் நல்ல மார்க். ராமநாதபுரத்தில்தான் பதினொன்று படிப்பேன் என்று ஏற்கெனவே ஒற்றைக் காலில் நின்றவள். வீட்டு ஓனரும் தன் மகனுக்கு ஆவணியில் கல்யாணம், வீடு வேணும் என்று பங்குனியிலேயே காதில் போட்டுவிட்டார். ஆக, ராமேஸ்வரம் தீவில் பதினோரு வருஷம் இருந்த தங்கச்சிமடத்தை விட்டுக் கிளம்புகிறோம். அங்கே வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ரெண்டு ரூம், போர் தண்ணி உப்பு, குடிக்கிற தண்ணிக்குக் குடம் கணக்கு. இங்கே மணலைக் கையால் தோண்டினாலே ஊறுகிற தண்ணீரைக் குடித்துப் பழகிய வாய்க்கு அது எப்படி இருக்குமோ தெரியவில்லை.

என்றைக்குப் போவது என்பதில்தான் பஞ்சாயத்து. அத்தை காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் கத்திரி, ஆகாது. அமாவாசை கழியட்டும், வளர்பிறையில் போகலாம். ஆனி பிறந்துவிட்டால் அதுவும் போச்சு. "ஆனியில அடி எடுத்து வைக்காதே, கூனியில குடி போகாதேன்னு சும்மாவா சொன்னாக." பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று ஜூன் 4ஐத் தொட்டார். அன்றைக்கு நவமி. முந்தின நாள் அஷ்டமி. கடைசியில் ஜூன் 5, வியாழன், தசமி என்று முடிந்தது. மூன்று வாரம்கூட இல்லை.

ஒரு விதத்தில் நல்ல நேரம்தான். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது, என் வீட்டுக்காரர் ஓட்டுகிற மீன் வண்டிக்கும் பாதி ஓட்டம்தான். தெருவில் ஆள்பலத்துக்குப் பஞ்சமில்லை.

மே 20, செவ்வாய்

அட்டைப்பெட்டி ஒன்றுக்கு இருபது ரூபாய் கேட்கிறார்கள், அதுவும் அடிப்பக்கம் ஈரம் பட்டு நைந்தது. அவர் சத்தமே போடாமல் வண்டியில் இருந்த மீன் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தெர்மாகோல் பெட்டி, மூடியோடு, பதினாறு. "ஐஸோட முப்பது கிலோ மீன் தாங்குறது உன் டம்ளரைத் தாங்காதா?"

தாங்கும். நாற்றம்? வாஷிங் சோடா போட்டு ரெண்டு தரம் கழுவி, மூடி வேறு பெட்டி வேறாக வெயிலில் வைத்தேன். கச்சான் காற்று மூடிகளைத் தெருக்கோடி வரைக்கும் அடித்துக்கொண்டு போக, சின்னவன் துரத்திக்கொண்டு ஓடினான். அப்புறம் ஒவ்வொரு மூடி மேலும் ஒரு தேங்காயை வைத்தோம். சாயங்காலம் மோந்து பார்த்தால் இன்னும் சூடைமீன் வாசம் லேசாக இருக்கிறது. எவர்சில்வருக்குச் சரி. துணி இதில் வைக்கக் கூடாது என்று மார்க்கரில் மேலேயே எழுதிவிட்டேன், இல்லையென்றால் அவர் வைத்துவிடுவார்.

அத்தை மல்லிகைப் பந்தலடியில் போய் மண்ணை ஒதுக்கிக் காட்டினார். ஏழெட்டுக் கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, மேலே கல்லும் வைத்திருக்கிறார். எல்லாம் வேர் விட்டிருந்தது. எப்போ போட்டீங்க என்றேன். "வீட்டுக்காரன் சொல்லிட்டுப் போன மறுநாளே." நாங்கள் இருவரும் போவோமா மாட்டோமா என்று ரெண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இந்த அம்மா பதியன் போட்டு முடித்திருக்கிறார்.

மே 23, வெள்ளி

கண்ணாடி, பீங்கான் சாமான் இன்றைக்கு. பேப்பர் வாங்கப் போனவளை அத்தைதான் நிறுத்தினார். "வீடு முழுக்க வெட்டுத்துணிய வச்சிக்கிட்டுப் பேப்பருக்கு எதுக்குக் காசு?"

தையல்காரி வீட்டில் எது இருக்கிறதோ இல்லையோ வெட்டுத்துணி இருக்கும். மூன்று சாக்கு நிறைய, தலையணைக்கு அடைக்கலாம் என்று சேர்த்தது. லைனிங் காட்டன்தான் சுற்றுவதற்கு நல்லது, மெத்தென்று அமுங்கும். பட்டுத்துண்டு வழுக்கும், டம்ளருக்குள் திணிக்க மட்டும் ஆகும். ஜரிகை ஓரம் பீங்கானில் கீறல் போடும் என்பது ஒரு தட்டு போன பிறகு தெரிந்தது. தட்டைப் படுக்கவைத்து அடுக்காமல் நெட்டுக்குத்தாக, புத்தகம் மாதிரி நிறுத்தினேன். நடுநடுவே துணி. பெட்டியை ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் இன்னும் துணி.

மே 28, புதன்

கத்திரி முடிந்த நாள் என்று சொல்கிறார்கள். எங்கே முடிந்தது?

கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, ஆதார் விலாசம். ஒரு இடத்தில் வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள், வாடகை ஒப்பந்தம் போட வேறு ஒன்று கேட்டார்கள். இ-சேவை மையத்தில் சர்வர் இல்லை. இதற்கு மேல் எழுதினால் பேனாவுக்கே கோபம் வரும்.

ஜூன் 1, ஞாயிறு

கட்டில், பீரோ. இந்த ஊரில் இரும்புச் சாமான் கழற்றுவது தனி வித்தை. வடகடலும் பக்கம், தென்கடலும் பக்கம், எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் உப்புக் காற்றுதான். கட்டிலின் போல்ட்டில் நட்டு எது மரை எது என்றே தெரியவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே துரு உருண்டை. நேற்று ராத்திரியே டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தார். எட்டில் ஐந்து வந்தது. மூன்றை ஆக்சா பிளேடு போட்டு அறுத்தார்கள். என் தையல் மெஷினின் திருகாணி மட்டும் விரலால் திருப்பினாலே கழன்றது. வாரா வாரம் எண்ணெய் விட்ட பலன். அதைச் சொல்லிக் காட்டினேன். "அப்ப கட்டிலுக்கும் விட்டிருக்க வேண்டியதுதானே" என்றார். பதில் சொல்லவில்லை.

பீரோ அத்தை கல்யாணத்துக்கு வந்த சீர். ரோட்டுப் பாலம் திறந்தது 1988இல். அதற்கு முன்னால் தீவுக்குள் எது வந்தாலும் ரயிலில்தான், இல்லையென்றால் தோணியில். மானாமதுரையில் ஏற்றி, பாம்பனில் இறக்கி, மாட்டு வண்டியில் வந்ததாம். கூடவே வந்த அத்தையின் அண்ணன் வழி முழுக்க பீரோ கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே வந்தாராம். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் அத்தை சிரிப்பார். இன்றைக்கும் சிரித்தார்.

நாலு தம்பிகள் வந்தார்கள். ஆளுக்கொரு மூலை. ஏலேலோ சொல்லித் தூக்கினார்கள். பீரோ மேலே வந்தது. அடித்தகடு தரையிலேயே இருந்தது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தகட்டைக் கையில் எடுத்தேன், அப்பளம் மாதிரி நொறுங்கிப் பொடியானது. அரிசி சலித்த சல்லடை மாதிரி ஓட்டை. வெளியே பெயின்ட் அப்படியே பளபள. வருஷா வருஷம் பொங்கலுக்கு நான்தான் அடிப்பேன், கண்ணுக்குத் தெரிகிற பக்கமெல்லாம். இத்தனை நாளும் அசைக்காத புண்ணியத்தில் அது பீரோவாக நின்றிருக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று அவர் வாயெடுத்தார். அத்தை பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அடியில் பிளைவுட் துண்டு கொடுத்து, நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டி, அதுவும் வருகிறது.

தரையில் பீரோ இருந்த இடம் துருநிறத்தில் ஒரு சதுரமாக இருக்கிறது. ஆசிட் போட்டும் போகவில்லை. அட்வான்ஸில் பிடிப்பார்களோ?

ஜூன் 3, செவ்வாய்

சனிக்கிழமை பக்ரீத். ஊரைக் காலி செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், அதனாலேயே எல்லோரும் துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "கடைசியா ஒண்ணு தச்சுக் குடுத்துட்டுப் போம்மா, உன் கை அளவு வேற யாருக்கு வரும்" என்று பக்கத்து வீட்டு லாத்தா மூன்று பிட் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் சட்டி பானை எல்லாம் பெட்டிக்குள், நடு ஹாலில் மெஷின் மட்டும் தனியாக. பெட்டி மேல் உட்கார்ந்து தைக்கிறேன். மெஷின் கடைசியா ஏறட்டும் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பதினொன்று முடிந்தது. மீதி நாலு.

ஜூன் 4, புதன்

நாலும் முடிந்தது, மாலை ஐந்து மணிக்கு. உடனே மெஷினைப் பிரித்தேன். இதை மட்டும் யாரையும் தொட விடவில்லை. ஊசியைக் கழற்றி, பாபினையும் ஷட்டிலையும் எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டு, பிரஷர் ஃபுட் அடியில் நாலு மடிப்புத் துணி வைத்து இறக்கி, பெல்ட்டைத் தட்டிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கீலிலிருந்து உருவினேன். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி, ஆனால் அம்மிக்கல் கனம். பழைய பாவாடையில் சுற்றி, மெத்தைக்கு நடுவில் படுக்கவைத்தாகிவிட்டது.

அப்புறம்தான் ஆணியில் தொங்கிய பச்சை ஜாக்கெட் கண்ணில் பட்டது.

மூன்று வருஷமாகத் தொங்குகிறது. வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு என்று ஒரு மதினி கொடுத்தது. தைத்து முடித்த வாரம் அவள் வீட்டுக்காரர் கச்சத்தீவுப் பக்கம் படகோடு பிடிபட்டார். ரெண்டு மாதம் கழித்து ஆள் திரும்பி வந்துவிட்டார், படகு வரவில்லை. அதற்கப்புறம் அவள் துணியைக் கேட்டு வரவில்லை. நானும் கூலி கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்று போகவில்லை. அப்படியே மூன்று வருஷம்.

இன்றைக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள், முகத்தில் வைத்துப் பார்த்தாள். "காசு எவ்வளவு மதினி?" ஒண்ணும் வேணாம் என்றேன். போட்டுப் பார்க்கிறேன் என்று உள்ளே போனவள் சிரித்துக்கொண்டே வந்தாள். கொக்கி எட்டவில்லை, ரெண்டு இஞ்ச் இடைவெளி. "உள்தையல் விட்டிருப்பீகள்ல, பிரிச்சுத் தச்சுக் குடுத்துட்டுப் போங்க."

விட்டிருந்தேன், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச். ஆனால் மெஷின் மெத்தைக்குள் தூங்குகிறது. ஊசி நூலை வாங்கி, அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையாலேயே பின்தையல் போட்டேன். அவள் சுக்குக் கருப்பட்டி காப்பி போட்டாள். ஜூலையில் திருவிழாவுக்கு வந்துடணும், இதைத்தான் போட்டிருப்பேன் என்றாள்.

ஜூன் 5, வியாழன்

எமகண்டம் கழிந்து ஏழரைக்கு மேல் ஏற்றத் தொடங்கினோம். குட்டி யானை ஒன்று, அவருடைய மீன் வண்டி ஒன்று. முதலில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், நிறைகுடம். இதெல்லாம் அத்தை மடியில். பதியன்கள் ஈரச் சாக்கில்.

ஏற்றுவதில் அவர் ராஜா, ஒத்துக்கொள்கிறேன். கனமானது கேபின் பக்கம், ஃபிரிட்ஜை நேத்து ராத்திரியே ஐஸ் உருக்கித் துடைத்தது, நிமிர்த்தியே கட்டினார். மெத்தை மேலே. தார்ப்பாய் போடவில்லை. "பாலத்துல தார்ப்பாய் போட்டா அது பாய்மரம்." அதற்குப் பதில் பழைய வலையை விரித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். காற்று உள்ளே புகுந்து வெளியே போகும், சாமான் போகாது.

பாலத்தில் ஏறியதும்தான் அதன் அருமை தெரிந்தது. தென்பக்கமிருந்து கச்சான் வண்டியையே தள்ளுகிறது. கீழே ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், அதன் பக்கத்தில் 1914இல் கட்டிய பழையது, துருவேறிச் சும்மா நிற்கிறது. மகள் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். நடுப்பாலத்தில் வலைக்கு வெளியே கட்டியிருந்த பிளாஸ்டிக் குடம் பிய்த்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, வடகடலில் போய் விழுந்தது. சின்னவன் கத்தினான். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெறுங்குடம்தானே. அது நம்மகூட வராம போனதே நல்லது."

மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம். பதினொன்றரைக்குப் பால் பொங்கியது. ராகு காலத்துக்கு முன்னாலேயே எல்லாம் இறக்கியாச்சு. பீரோவை வைத்த இடத்தில் கட்டிய கயிற்றோடேயே நிறுத்தியிருக்கிறோம். கயிற்றை அவிழ்க்கப் பயம்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று லாத்தா போட்டோ அனுப்பியிருந்தார். ஜாக்கெட் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, இடது தோள் மட்டும் ஒரு நூல் இறங்கியிருக்கிறது. ரெண்டு மணித் தூக்கக்கலக்கம். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிகளைப் பிரித்தேன். பதினாறு பெட்டியில் உடைந்தது ஒரே ஒரு ஊறுகாய் ஜாடி, அதுவும் மூடி. ஒவ்வொரு துணியாக உருவ உருவ, இது டீச்சர் மகள் சடங்குக்குத் தைத்தது, இது ஐஸ் கம்பெனி அக்காவுடையது, இந்த ஊதா மூன்று தரம் பிரித்துத் தைத்துச் சண்டையில் முடிந்தது என்று அத்தைக்குச் சொல்லிக்கொண்டே போனேன். டம்ளர் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். சூடைவாசம் துணியிலும் ஏறியிருந்தது. அலசி வாசல் கொடியில் போட்டேன், இடம் போதாமல் சுவர் மேலும், கேட் மேலும்.

பதியன் ரெண்டு வாடிவிட்டது, மற்றது நிற்கிறது.

நாலு மணி இருக்கும், எதிர்வீட்டுப் பெண் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க தைப்பீங்களா?"

மெஷின் தலையை இன்னும் ஸ்டாண்டில் மாட்டவில்லை. பாபின் டப்பா எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை.

"அளவு ஜாக்கெட் இருக்காம்மா?" என்றேன்.