அப்பாவுக்கு ஆறு அடுக்கு

13 மே 2025, செவ்வாய்

நேற்று விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்கினார். செல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து வைகைக் கரைக்கு நடந்தே போய்விடலாம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போய், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில் தொப்பலாக நனைந்து, நீர்மோர் குடித்துவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் ஒரு பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பிறந்தநாள் கேக்குகள் இருந்தன. அப்பா நின்று பார்த்தார். "க்ரீம் நல்லா ஏத்தியிருக்கான்" என்றார்.

"உங்களுக்கு எந்த கேக்குப்பா பிடிக்கும்?"

"முழுசாத் தின்னதில்லத்தா. ஓரம் வெட்டி எடுக்கிற துண்டுதான் தின்னிருக்கேன்."

அப்பா கீழவாசல் பக்கம் ஒரு பேக்கரியில் 31 வருடம் மாஸ்டராக இருந்தார். இரவு பத்து மணிக்குப் போனால் காலை ஆறரைக்குத்தான் வருவார். ரொட்டி, பன், ரஸ்க், தேங்காய் பன். ஆர்டர் வந்தால் கேக். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்து, அதில் க்ரீமை அடைத்து, எத்தனையோ பிள்ளைகளின் பெயரை அழகாக எழுதியிருக்கிறார். ஒரு முழுத் துண்டு அவர் தட்டுக்கு வந்ததில்லை என்பது 29 வயதில்தான் எனக்குத் தெரிகிறது. நேற்று முழுக்க அதே நினைப்பு.

அப்பாவுக்குச் சிறு வயதில் வாத்தியார் போட்டுக் கொடுத்த பிறந்த தேதி மே 25. இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. நானே அவருக்கு ஒரு கேக் செய்யப் போகிறேன். அவர் கையால் ஒருநாளும் செய்திராத கேக்காக இருக்க வேண்டும்.

15 மே, வியாழன்

கிடைத்துவிட்டது. டோபோஷ் டோர்ட்டே, ஹங்கேரி நாட்டுக் கேக். மெல்லிய கேக் வட்டங்கள் ஆறு, நடுநடுவே சாக்லேட் போட்ட வெண்ணெய் க்ரீம், உச்சியில் கண்ணாடி மாதிரி இறுகிய சர்க்கரைப் பாகு. யோசெஃப் டோபோஷ் என்பவர் 1885-ல் புடாபெஸ்டில் நடந்த பொருட்காட்சியில் இதை வைத்தார். பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபும் அரசி எலிசபெத்தும் சாப்பிட்டுப் பார்த்தார்களாம். செய்முறையை வெளியே விடாமல் வைத்திருந்து, 1906-ல்தான் அந்த ஊர் மிட்டாய்த் தொழிலாளர் சங்கத்துக்குக் கொடுத்தார். டோபோஷ் என்றால் அவர்கள் மொழியில் மேளமடிப்பவர்.

என்னை இழுத்தது இது எதுவும் இல்லை. அது ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். கேக் நாள்பட இருக்க வேண்டும், தூர ஊருக்கு மரப்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும் என்று யோசித்தே அந்த மனிதர் இதைக் கட்டியிருக்கிறார். மேலே பாகு மூடிக்கொள்வதால் உள்ளே காயாது. ஃப்ரிட்ஜ் இல்லாமல் நின்ற கேக் நம் அக்னி நட்சத்திரத்துக்கும் நிற்கும் என்று தோன்றியது.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கீழமாசி வீதிக்குப் போய் மைதா, பொடித்த சர்க்கரை, உப்பில்லாத வெண்ணெய், டார்க் சாக்லேட், பட்டர் பேப்பர் வாங்கினேன். முட்டை நம் தெருக் கடையிலேயே ஒரு அட்டை.

17 மே, சனி

வட்டம் சுடுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

முட்டை 6, பொடித்த சர்க்கரை 100 கிராம், மைதா 100 கிராம், உருக்கிய வெண்ணெய் 35 கிராம். மஞ்சள் கருவைப் பாதிச் சர்க்கரையோடு வெளுக்கிற வரை அடிக்க வேண்டும். வெள்ளைக் கருவை மீதிச் சர்க்கரையோடு, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத நுரையாக அடிக்க வேண்டும். பிறகு இரண்டையும் மைதாவையும் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். பேக்கிங் பவுடர் கிடையாது. நுரைக்குள் இருக்கிற காற்றுதான் எல்லாம்.

பட்டர் பேப்பரில் 22 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, மாவை மெல்லிசாகத் தடவி, 200 டிகிரியில் எட்டு நிமிடம். என் ஓவனில் ஒரு நேரத்துக்கு ஒரு வட்டம்தான் போகும். முதல் இரண்டும் நன்றாக வந்தன. மூன்றாவது சப்பையானது. ஐந்தாவதைப் போடும்போது கிண்ணத்தின் அடியில் தண்ணீர் விட்டிருந்தது. ஆறாவது காய்ந்த தோசை மாதிரி வந்தது. மாவு ஒரு மணி நேரம் வெளியே காத்திருந்தால் நுரை எப்படி நிற்கும்?

இடமில்லை என்று, ஆறுவதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். நல்லதாக வந்த இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போய் இரண்டும் கிழிந்தன.

அப்பாவைச் சமையல்கட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். ஒரே பக்கத்தை ரொம்ப நேரம்.

18 மே, ஞாயிறு

காலையில் அவரே எழுந்து வந்துவிட்டார். "பேக் பண்ணணும்னா அடுப்பைத் தெரிஞ்சுக்கணும்த்தா. முதல்ல அதைப் பாப்போம்."

கடையில் இருந்தது விறகு அடுப்பு. செங்கல் தளம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சிட்டிகை மைதாவை எறிவார்களாம். எண்ணி முடிப்பதற்குள் கருகினால் சூடு அதிகம், பொறுக்க வேண்டும். நிதானமாகச் சிவந்தால் பன் போடலாம். அதையே என் சின்ன ஓவனில் செய்தார். தட்டில் ஒன்பது இடத்தில் துளித் துளியாக மைதாவை வைத்து உள்ளே தள்ளினார். பின்பக்க இடது மூலை கறுத்துவிட்டது, கதவுப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. டயலில் 200 என்று இருந்தால் உள்ளே எல்லா இடத்திலும் 200 இல்லை. நான்கு நிமிடம் ஆனதும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்று முடிவானது.

"மாவை ஏன் மொத்தமா அடிக்கிற? மூணு முட்டை, மூணு முட்டையா அடி. மூணு வட்டம் வெந்தப்புறம் அடுத்ததை அடி."

இரண்டு வாக்கியம்தான். நேற்று முழுக்க எனக்கு இது தோன்றவில்லை.

20 மே, செவ்வாய்

இன்று ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வீட்டில் முட்டை உடைக்க அம்மா விடமாட்டார். சரி, பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை, எனவே கணக்கைப் பின்னோக்கிப் போட்டு வைத்தேன். வட்டங்கள் சனிக்கிழமை.

21 மே, புதன்

ஆபீஸ் போகுமுன் ஒத்திகை. மூன்று முட்டை வீதம் இரண்டு தடவை. ஆறு வட்டமும் ஒரே கனம்! விரல் வைத்தால் அமுங்கி எழும்புகிறது. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணிமேல் ஆறவிட்டேன்.

அப்பா குழிக்கரண்டியால் மாவை மொண்டு ஊற்றினார். நான் தராசில் வைத்துப் பார்த்தேன். 85, 84, 86 கிராம். ஆயிரக்கணக்கான பன் உருட்டிய கை. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, ஒன்றும் சொல்லவில்லை.

22 மே, வியாழன்

க்ரீம் முழுக்கப் போய்விட்டது.

நான்கு முட்டையும் 200 கிராம் சர்க்கரையும் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் வைத்து, கெட்டியாகிற வரை அடித்து, ஆறவைத்தேன். பிறகு 235 கிராம் வெண்ணெயை அடித்து, அதில் இதையும் உருக்கிய சாக்லேட்டையும் சேர்க்க வேண்டும். மாலை ஏழரை மணி. சமையல்கட்டுச் சுவரில் கை வைத்தால் பகலெல்லாம் வாங்கிய வெயில் இன்னும் சுடுகிறது. வெப்பமானியில் 34. வெண்ணெய் உருகுவதே 32-லிருந்து 35-க்குள். பிறகு எப்படிக் க்ரீம் நிற்கும்? கிண்ணத்தில் சாக்லேட் ரசம்தான் இருந்தது.

ஃப்ரிட்ஜில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மறுபடியும் குளிர வைத்து எடுத்து அடித்தால், ஓரமெல்லாம் கட்டியாகவும் நடுவில் நீராகவும் இருந்தது, திரிந்த பால் மாதிரி.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலம் என்று படித்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. அது நம் ஊரைவிடக் குளிர்ந்த ஊர் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"எங்க கடையில வெண்ணெய் வெக்க மாட்டோம்" என்றார் அப்பா. "வனஸ்பதிதான். வெயிலுக்கு நிக்கும். ஆனா தின்னா மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டிக்கும். அதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். வெண்ணெய்லதான் பண்ணணும்னா விடியக்காலம் பண்ணு. ராத்திரி வேலைக்காரனுக்குத் தெரியும், மூணரை நாலு மணிக்கு ஒரு குளுமை வரும்."

வெண்ணெய்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 31 வருடம் வனஸ்பதி க்ரீம் அடித்தவருக்கு மறுபடியும் அதையே தரமுடியாது.

23 மே, வெள்ளி

முட்டை இல்லாத நாள், அதனால் பாகு. இது அம்மாவின் இடம்.

அதிரசத்துக்கும் கடலை உருண்டைக்கும் பாகு எடுக்கிறவர் அம்மா. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார், எடுத்துத் தட்டில் போட்டுச் சத்தம் கேட்பார். இந்தப் பாகில் தண்ணீரே சேர்ப்பதில்லை. வெறும் சர்க்கரையை அடிகனமான சட்டியில் போட்டு, தேன் நிறம் வரும்வரை உருக்க வேண்டும். "தண்ணி இல்லாம எப்பிடிடி?" என்று முதலில் நம்பவில்லை. அப்புறம் சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கரண்டி போடாமல் சட்டியையே சுழற்றினார். நிறம் மாறி நுரை கிளம்பிய நொடியில் இறக்கினார். நான் இன்னும் கொஞ்சம் விடலாம் என்றேன். "சட்டிச் சூட்டுலயே இன்னும் ஏறும். இப்ப விட்டா கசக்கும்."

புதன்கிழமை வட்டம் ஒன்றை டப்பாவில் மூடி வைத்திருந்தேன். அதன்மேல் ஊற்றிப் பரப்பினோம். இறுகுவதற்குள் வெண்ணெய் தடவிய கத்தியால் பன்னிரண்டு துண்டாக அழுத்திக் கோடு போட்டுவிட வேண்டும். ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஏழு கோடு சரியாக விழுந்தது, எட்டாவதில் விரிசல் விட்டது.

ஒரு துண்டை ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் வியர்த்துப் பிசுபிசுத்தது. ஆக, க்ரீமுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், பாகுக்கு ஃப்ரிட்ஜ் ஆகாது. பாகு போட்ட வட்டம் தனியாக எவர்சில்வர் டப்பாவில் காற்றுப் புகாமல் இருக்கட்டும், கேக் வெட்டும்போதுதான் மேலே ஏறும்.

24 மே, சனி

அரைநாள் விடுப்பு. ஆறு வட்டமும் சுட்டு, ஒரு மூடியை வைத்து ஓரம் வெட்டிச் சீராக்கினேன். சீக்கிரம் படுக்கிறேன்.

25 மே, ஞாயிறு

மூன்றே முக்காலுக்கு அப்பா எழுப்பினார். அவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. குண்டான் நிறைய ஐஸ் கட்டி போட்டுத் தயாராக வைத்திருந்தார். வெப்பமானியில் 28.

முட்டையும் சர்க்கரையும் ஆவியில் ஏறி, ஆறி வந்தது. ஐஸ்மேல் கிண்ணத்தை வைத்து நான் அடிக்க, அவர் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார், ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து கட்டியாகிவிடாமல். இளகினால் ஐஸ்மேல் இறக்கினோம், இறுகினால் தூக்கிப் பிடித்தோம். சாக்லேட்டைச் சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் க்ரீம் அடிக்கிற மெஷினின் சத்தமே மாறியது. அப்பா "நிறுத்து" என்றார். விரலை விட்டு இழுத்தால் கோடு அப்படியே நிற்கிறது, மினுமினுக்கிறது. நான் பிறகு கூகிளிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஐந்து வட்டம் அடுக்கி, பக்கமெல்லாம் க்ரீம் பூசி, வறுத்துப் பொடித்த நிலக்கடலையை ஒட்டினோம். அவர்கள் ஊரில் வேறு கொட்டை போடுவார்கள், எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த கடலை இருந்தது. ஐந்தேகாலுக்குக் கேக் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டது. ஆறாவது வட்டத்துக்கு அம்மா பாகு ஊற்றினார். பன்னிரண்டு கோடும் விழுந்தன.

சாயங்காலம் மேலூரிலிருந்து அத்தை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பாகுத் துண்டுகளை, காற்றாடி இறக்கை மாதிரி ஒன்றைத் தொட்டு ஒன்று சாய்த்து வைத்தேன். மீதிக் க்ரீமைக் காகிதக் கூம்பில் அடைத்து, தட்டின் ஓரத்தில் 'அப்பா' என்று எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"புள்ளி வெக்கிறப்ப கையை மேல இழுத்துறணும்த்தா. இல்லேன்னா வாலு வந்துரும்." சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டுமுன் பாகை நகத்தால் தட்டிக் கேட்டார். வெந்த ரொட்டியின் அடியை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் ஓரத் துண்டுகள் இருந்த கிண்ணத்தை எடுத்தார். நான் அதை வாங்கி வைத்துவிட்டு முழுத் துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். பக்கவாட்டில் பிடித்து அடுக்கை எண்ணினார். பாகு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவசரமே இல்லாமல், தட்டில் பொடிகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"மேலண்ணத்துல ஒட்டலத்தா" என்றார்.

26 மே, திங்கள்

ஓரத் துண்டுகளையும் மிச்சக் க்ரீமையும் பிசைந்து, உருண்டையாக்கிக் கடலைப் பொடியில் புரட்டித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார் அப்பா. கடையில் மிச்சத்தை இப்படித்தான் தீர்ப்பார்களாம்.

ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்து. மைதா 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, முட்டை 60, வெண்ணெய் 350 கிராம். கீழே அடிக்கோடு போட்டு: 60 வட்டம், பத்துக் கேக்.

எதுக்குப்பா இது என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றார்.